பதினேழு நிமிடம்

ஐந்து வெள்ளி போட்டால் இருபத்தைந்து நிமிடம் உலரும்.
போட்டுவிட்டு ரொபியுல் படியேறினான்,
சோறு வடிக்க. மணி இரண்டரை.
எட்டு நிமிடம் ஓடியிருந்தது,
லோரிகள் வந்தன, மூன்று, விளக்கணைத்து.
குப்பை லோரி என்று நினைத்தேன்.
குப்பை லோரிக்கு அத்தனை கூச்சம் கிடையாது.

புடுவில் இந்தப் பழைய ஃப்ளாட்டுக்கு
இரண்டு படிக்கட்டு, ஒரு லிஃப்ட்.
போன தீபாவளியிலிருந்து லிஃப்ட் ஓடவில்லை.
அதையும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்:
இரண்டு படிகளிலும் பூட்ஸ்.
தட்டும் ஓசை மாடி மாடியாக ஏறியது.
கூரைத் தகரத்தில் யாரோ ஓடினார்கள்.
பிறகு ஓடவில்லை.

டோபிக்குள் பெண் அதிகாரி ஒருத்தி வந்தாள்.
துடோங் கசங்கியிருந்தது, அவளுக்கும் தூக்கமில்லை.
"ஐசி" என்றாள்.
நீட்டினேன். நீலம்.
கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல்
விளக்கில் பிடித்துப் பார்த்தாள்.
என் அம்மா சிவப்போடு செத்தாள்.
அவள் பிறந்ததற்குச் சாட்சியான தோட்டத்து மருத்துவச்சி
அவளுக்கு முன்னமே செத்திருந்தாள்.
இந்த நீலத்துக்காக நான்
பதினொரு முறை புத்ராஜெயாவுக்குப் பஸ் ஏறினேன்.
சொல்லவில்லை. கேட்கவுமில்லை அவள்.

அஞ்சடியில் குந்தவைத்திருந்தார்கள்,
ஒருவன் தோளில் அடுத்தவன் கை.
ரொபியுல் நான்காவது.
ஒற்றைச் செருப்பு.
மறு கையில் சோற்றுக் கரண்டி,
பிடுங்க மறந்திருந்தார்கள்.

நான்கு வருடமாக வாழையிலைக் கடையில் பரிமாறுகிறவன்.
அவன் தமிழெல்லாம் பந்தித் தமிழ்:
சாம்பாரா ரசமா,
அப்பளம் வைக்கவா,
போதுமா அக்கா.
வேறு தமிழ் அவனுக்குத் தேவைப்பட்டதில்லை, இதுவரை.

ஒன்று சொல்லிவிடுகிறேன்.
மூன்று மாதத்துக்கு முன்
நான் ஒரு நம்பருக்குப் போன் போட்டேன்.
மேல்வீட்டுத் தண்ணீர் என் மெஷின்மேல் சொட்டுகிறது,
பதினாறு பேர் ஒரே வீட்டில்,
விடிய விடிய என்னவோ பாஷை என்று.
அது மாநகராட்சி நம்பர்.
தண்ணீருக்காகத்தான் போட்டேன்.
தண்ணீருக்கென்றால்
தலைகளை ஏன் எண்ணிச் சொன்னேன்?

"இது யாருடையது?"
ஏழாம் எண் உலர்த்தியைக் காட்டினாள்.
கண்ணாடிக்குள் கைலி, உள்பனியன், கடைச் சட்டை.
சட்டை முதுகில் 'சாப்பிட வாங்க'.
சாப்பிட வாங்க மேலே வந்தது,
சாப்பிட வாங்க கீழே போனது.

"என்னுடையது" என்றேன்.

என்னைப் பார்த்தாள். கைலியைப் பார்த்தாள்.
எதையும் எழுதிக்கொள்ளவில்லை.
மெஷினில் காசு போட்டு
ஒரு டின் காப்பி எடுத்து
அங்கேயே நின்று குடித்தாள்.

மூன்று முறை கூவி உலர்த்தி நின்றது.
என்னுடையது என்று சொல்லிவிட்டேன்,
எடுக்க வேண்டியதாயிற்று.
சூட்டோடு மேசையில் கொட்டி
அவள் பார்க்க மடித்தேன்.
கண்ணாடிக்கு அப்பால் குந்தியபடி
அவன் பார்க்க மடித்தேன்.
என் புருஷனுடையதைக்கூட
நான் இவ்வளவு மெதுவாக மடித்ததில்லை.
ஜட்டிக்கு வந்தபோது
அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
நானும்.

லோரியில் ஏற்றும்போதுதான் கரண்டி கண்ணில் பட்டது.
வாங்கிச் சாக்கடை ஓரம் வைத்தார்கள்,
வீசவில்லை, வைத்தார்கள்.
யாரோ வந்து எடுத்துக்கொள்வார்கள் என்பதுபோல.

ஒன்பது மணிக்கு வாழையிலைக் கடை மேனேஜர் வந்தார்.
"சட்டை மூணும் கடைக் கணக்கு" என்றார்.
கொடுத்தேன். கைலியை அவர் கேட்கவில்லை.
ஆள் குறைஞ்சு போச்சு, மத்தியானத்துக்கு என்ன செய்வேன்
என்று என்னிடமே கேட்டார்.

அவர் போனபிறகு
ஏழாம் எண்மேல் ஒரு சொட்டு.
நிமிர்ந்தேன். இன்னொரு சொட்டு.
அரிசி களைந்த குழாயாக இருக்கும்,
மூட நேரம் கொடுத்திருக்க மாட்டார்கள்.
மேலே மூடவும் இப்போது யாருமில்லை.

போனை எடுத்தேன்.
நம்பர் இன்னும் இருந்தது.

போனை வைத்துவிட்டு
வாளியை எடுத்து அடியில் வைத்தேன்.